மரத்தில் புதிதாக என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு மாடி மரக் கட்டடம், எஃகை மிஞ்சும் மரம், கண்ணாடி போன்ற மரம் என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் எது நிஜமாகவே புழக்கத்துக்கு வந்திருக்கிறது, எது இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்காக இந்தப் பக்கம்.

மனிதன் ஆதிகாலத்திலிருந்து புழங்கும் பொருள் மரம். அதில் இன்னும் ஆராய என்ன மிச்சம்?

மரத்துக்குப் பலம் போதவில்லை என்பது பெரிய பிரச்சினையே இல்லை. எந்தப் பலகைக்கு எவ்வளவு பலம் என்று தெரியாததுதான் பிரச்சினை. ஒரே அடிமரத்தில் அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு சுமை தாங்கலாம். ஒன்றில் கணு இருக்கும், இன்னொன்றில் நார் ஓட்டம் சாய்ந்திருக்கும். அதனால் பொறியாளர் சராசரியை நம்ப முடியாது. நூறு பலகை இருந்தால் அதில் ஆக மோசமான ஐந்து பலகைகளின் அளவுக்குத்தான் மொத்தத்துக்கும் பலம் வைத்துக் கணக்குப் போடுவார். நல்ல பலகைகளின் பலமெல்லாம் வீண்.

கடந்த முப்பது ஆண்டுகளில் மர அறிவியல் செய்த வேலையில் பெரும்பங்கு இந்த நிச்சயமின்மையைக் குறைப்பதுதான் என்பது என் கருத்து. தலைப்புச் செய்தியில் வருவது பலம். ஆலைகளை மாற்றியிருப்பது நம்பகம்.

கதவும் பலகையும் ஏன் விரிந்து சுருங்குகின்றன? இதற்கு இன்னுமா தீர்வு இல்லை?

பைன் போன்ற ஊசியிலை மரத்தில் ஒரு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், நெருக்கமாக அடுக்கிய குழாய்கள் தெரியும். அவைதான் மரத்தின் செல்கள். ஒவ்வொன்றும் சுமார் 3 மி.மீ. நீளம், அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. நடுவில் வெற்றிடம், சுற்றிலும் சுவர். அந்தச் சுவரில் செல்லுலோஸ் இழைகள் சுற்றப்பட்டிருக்கின்றன, அவற்றைச் சூழ்ந்து ஹெமிசெல்லுலோஸும், பசைபோல எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் லிக்னினும்.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: குழாயின் வெற்றிடத்தில், அப்புறம் சுவருக்குள். வெற்றிடத்துத் தண்ணீர் போகும்போது மரம் எடை குறையும், அளவு மாறாது. உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதம் ஈரம் என்ற நிலைக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கமும் அங்கேதான் ஆரம்பம்.

அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 6 முதல் 10 சதவீதம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏறத்தாழ அதில் பாதி, நீளவாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பலகை குவிவதும் முறுக்கிக்கொள்வதும் இந்த வித்தியாசத்தால்தான். வேகமாக வளர்த்த இளமரத்தில் செல்லுலோஸ் இழைகள் அதிகச் சாய்வாகச் சுற்றியிருப்பதால் நீளவாட்டிலும் சுருங்கும். தோட்ட மரம் கோணிக்கொள்கிறது என்று தச்சர்கள் அலுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இது.

சூளையில் உலர்த்திய பலகைதானே? அறுத்ததும் ஏன் வாளைப் பிடித்துக்கொள்கிறது?

அவசரப்பட்டு உலர்த்தியிருப்பார்கள். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே ஈரம் இருப்பதால் முடியாது. இழுபட்ட நிலையிலேயே வெளிப்பக்கம் இறுகிவிடும். பிறகு உள்பக்கம் காய்ந்து சுருங்க முயலும்போது வெளிப்பக்கம் விடாது. கண்ணுக்கு நேராகத் தெரியும் பலகைக்குள் இரண்டு விசைகள் முட்டிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பலகையின் குறுக்கே ஒரு துண்டு நறுக்கி, அதன் நடுப்பகுதியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டால் இரண்டு கால் கொண்ட கவை மாதிரி ஆகும். ஒரு நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும். கால்கள் நேராக நின்றால் சரி. ஒன்றையொன்று நோக்கி உள்ளே மடிந்தால் பலகைக்குள் இறுக்கம் இருக்கிறது. உலர்த்தலின் கடைசிக் கட்டத்தில் ஈரக்காற்றோ நீராவியோ விட்டு வெளிப்பக்கத்தைத் தளர்த்தினால் இது தீரும்.

இப்போது சூளைக்குள் உணரிகள் வைத்து வெப்பத்தையும் ஈரத்தையும் கணினி தானே மாற்றுகிறது. வெற்றிடச் சூளைகளும் பரவுகின்றன. காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் என்பதால், தடித்த பலகைகூட வெடிக்காமல் விரைவாகக் காய்கிறது. ரேடியோ அலைகளால் உள்ளிருந்தே சூடேற்றும் முறையும் உண்டு, ஆனால் மின்செலவு அதிகம்.

உளுத்துப்போகாத மரம் என்று விற்கிறார்களே, அது என்ன?

பழைய வழி, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் விஷமான உப்பை மரத்துக்குள் அழுத்தி ஏற்றுவது. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த கரைசல் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரத்துக்கு அதைப் பயன்படுத்துவதைத் தயாரிப்பாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

புதிய வழியில் விஷமே கிடையாது. மரத்தின் வேதியியலையே மாற்றிவிடுகிறார்கள். செல் சுவரில் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் ஹைட்ராக்சில் தொகுதிகள். அசிட்டிக் அன்ஹைட்ரைடை மரத்துக்குள் செலுத்திச் சூடாக்கினால், அந்த இடங்களில் பலவற்றை அசிட்டைல் தொகுதிகள் பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கு இடம் இல்லை. சுவர் ஏற்கெனவே உப்பிய நிலையில் இருப்பதால் இனி அவ்வளவாக விரிவதும் இல்லை. சுவருக்குள் ஈரம் இல்லாமல் பூஞ்சையாலும் வேலை செய்ய முடியாது. வினை முடிந்து மிஞ்சுவது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருப்பது. புதுப்பலகையை முகர்ந்தால் அந்த வாடை லேசாக அடிக்கும்.

இந்த யோசனை 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலிருந்தே இருந்தாலும், பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில், 2007இல். மூலப்பொருள் விரைவில் வளரும் ரேடியாட்டா பைன். சும்மா விட்டால் சீக்கிரம் மட்கிப்போகும் அந்த மரத்தால், அதே நாட்டின் ஸ்னேக் நகரில் கனரக வாகனங்கள் போகும் சாலைப் பாலத்தை 2008இல் கட்டினார்கள்.

இன்னொரு வழி பின்லாந்தில் 1990களில் வளர்ந்தது: ஆக்சிஜன் இல்லாத நீராவிச் சூழலில் மரத்தை 180 முதல் 215 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவது. ஹெமிசெல்லுலோஸ் சிதைந்துவிடுவதால் ஈரம் குறைவாக ஏறும். நிறம் உள்ளே வரைக்கும் பழுப்பாகும். விலையும் அசிட்டைல் ஏற்றிய மரத்தைவிடக் குறைவு. ஆனால் மரம் நொறுங்கும் தன்மை அடைகிறது. சுவர் உறைப்பலகை, தரைப்பலகை என்றால் நல்ல தேர்வு. சுமை தாங்கும் உத்தரத்துக்கு வேண்டாம். மண்ணுக்குள் புதையும் இடத்துக்கும் வேண்டாம்.

சி.எல்.டி. என்றால் என்ன? பெரிய பிளைவுட் தானே?

தத்துவம் அதேதான். பிளைவுட்டில் அடுக்குவது மெல்லிய தகடு, சி.எல்.டி. எனும் குறுக்கடுக்குப் பலகையில் அடுக்குவது முழுப் பலகைகள். ஓர் அடுக்கு நெடுக்கே, அடுத்தது குறுக்கே என மூன்று, ஐந்து, ஏழு அடுக்குகளை ஒட்டி அழுத்தினால் ஒரு முழுச் சுவரோ தளமோ ஒரே துண்டாக வரும். மரம் நார் ஓட்டத்தின் திசையில்தான் பலசாலி. வழக்கமான கட்டட மர வகை ஒன்றுக்கு நார் வழியே இழுவிசை தாங்கும் அளவு சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் என்றால், குறுக்கே வெறும் 0.4 தான். குறுக்கே அடுக்குவது இந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது. விரிவு சுருக்கத்தையும் ஓர் அடுக்கு இன்னொன்றைப் பிடித்துக் கட்டுப்படுத்துகிறது. ஒரு பலகையில் கணு இருந்தாலும் பக்கத்துப் பலகைகள் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருவானது இது. கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபருக்கு இந்த ஆராய்ச்சிக்காக 2019இல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு நார்வேயில் 18 மாடியும் 85.4 மீட்டரும் கொண்ட மியோஸ்டோர்னெட் கட்டடம் திறக்கப்பட்டது. 2022இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் 86.6 மீட்டர் உயர ‘அசென்ட்’ அதைத் தாண்டியது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அசென்ட்டின் அடித்தள மாடிகளும் மின்தூக்கிக் கூண்டும் கான்கிரீட். மியோஸ்டோர்னெட்டின் மேல் தளங்களிலும் காற்றில் ஆடாமல் இருக்க, எடைக்காகக் கான்கிரீட் பயன்படுத்தினார்கள். உயரமான மரக் கட்டடத்துக்குத் தலைவலி பெரும்பாலும் எடை இல்லாததுதான்.

தீப்பிடித்தால் மொத்தமும் போய்விடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. நியாயமான பயம்தான்.

மெல்லிய குச்சியும் தடித்த உத்தரமும் ஒரே மாதிரி எரிவதில்லை. சுமார் 300 டிகிரியில் மரத்தின் மேற்பரப்பு கரியாகிறது. கரி வெப்பத்தை உள்ளே எளிதில் விடாது. அதனால் தடித்த ஊசியிலை மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மி.மீ. என்ற நிதான வேகத்தில்தான் கரியாகிக்கொண்டு போகும். ஒரு மணி நேரத்துக்கு 4 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். சோதனை உலையில் எரித்த உத்தரத்தைக் குறுக்கே அறுத்தால், வெளியே கரி, அதற்குள் மெல்லிய பழுப்புப் பட்டை, அதற்குள் நிறம்கூட மாறாத மரம் தெரியும். எரிந்து போகப்போகும் அளவைச் சேர்த்தே உத்தரத்தைத் தடிமனாக வடிவமைக்கிறார்கள். பாதுகாப்பில்லாத எஃகு 600 டிகிரிக்குள் பாதிக்கு மேல் பலம் இழந்து தொய்ந்துவிடும். அதோடு ஒப்பிட்டால் மரத்தின் போக்கு கணக்குக்குள் அடங்குகிறது.

இதோடு விஷயம் முடிந்தது என்று சொல்லும் விற்பனைப் பிரசுரங்களை நம்ப வேண்டாம். ஆரம்பகால சி.எல்.டி. பலகைகள் சிலவற்றில் சூட்டில் பசை இளகி, எரிந்த அடுக்கு அப்படியே கழன்று விழுந்தது. உள்ளே இருந்த புதுமரம் வெளிப்பட்டு, தணிந்துகொண்டிருந்த தீ மறுபடி கிளம்பியது. இதனால்தான் வட அமெரிக்கத் தரநிலை 2018இல் பசைக்குக் கடுமையான தீச்சோதனையைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் மாதிரியாகக் கொள்ளப்படும் கட்டட விதித்தொகுப்பு 2021 பதிப்பில் 18 மாடி வரை அனுமதித்தாலும், அந்த உயரத்தில் மரம் முழுவதையும் தீத்தடுப்புப் பலகையால் மூடச் சொன்னது. இணைப்புகளும் முக்கியம்: வெளியே தெரியும் எஃகுத் தகடும் ஆணியும் வெப்பத்தை நேராக மரத்தின் உள்ளே கொண்டுபோகும், அவற்றை மரத்துக்குள் புதைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்தான காலம் கட்டுமானம் நடக்கும் மாதங்கள், ஏனென்றால் அப்போது தண்ணீர் தெளிப்பான் இருக்காது, மூடுபலகையும் இருக்காது.

நிலநடுக்கத்தில்?

எடை குறைவு என்பதால் நிலநடுக்கம் கட்டடத்தின் மேல் செலுத்தும் விசையும் குறைவு. 2023இல் சான் டியேகோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக அதிர்வு மேடையில் பத்து மாடி மரக் கட்டடத்தை ஏற்றி, பழைய பெரும் நிலநடுக்கங்களின் பதிவுகளை வைத்துத் திரும்பத் திரும்பக் குலுக்கினார்கள். சுவர்கள் ஆடிவிட்டுத் தம் பழைய நிலைக்கே திரும்பும்படி, உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கட்டடம் தாங்கியது.

எஃகைவிட வலுவான மரம், உண்மையா?

உண்மை, ஆனால் எந்த அர்த்தத்தில் என்று பார்க்க வேண்டும்.

எந்த மரமாக இருந்தாலும் செல் சுவரின் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றுதான்: கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். பால்சா இலேசாகவும் கருங்காலி கனமாகவும் இருப்பதற்குக் காரணம் சுவரின் தடிமனும் வெற்றிடத்தின் அளவும்தான். அப்படியென்றால் வெற்றிடத்தை நசுக்கி எடுத்துவிட்டால் பலம் கூடும். இந்த எண்ணம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பிசின் ஊட்டி அழுத்திய மரத்தில் விமான உந்துவிசிறிகள் செய்தார்கள். வெறுமனே அழுத்திய மரத்தின் கோளாறு, ஈரம் பட்டால் பழைய உருவத்துக்கு மீள்வது.

மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் லியாங்பிங் ஹூ குழு 2018இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முறையில், முதலில் மரத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைட்டும் கலந்த கரைசலில் கொதிக்கவைத்து லிக்னினில் ஒரு பகுதியையும் ஹெமிசெல்லுலோஸையும் நீக்குகிறார்கள். பிறகு 100 டிகிரியில் அழுத்துகிறார்கள். தடிமன் ஐந்தில் ஒரு பங்காகிறது. செல் சுவர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இழுவலிமை பத்து மடங்குக்கு மேல் கூடியது. லிக்னினை முழுக்க எடுத்தால் மரம் அழுத்தத்தில் சிதைந்துவிடும், எடுக்காவிட்டால் முழுதாக நசுங்காது. பாதியில் நிறுத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இனி விறைப்பை, அதாவது சுமையில் வளையாமல் நிற்கும் திறனைப் பார்ப்போம். எஃகின் விறைப்பு 200 கிகாபாஸ்கல், இந்த மரத்தினுடையது சுமார் 50. கட்டடத்தில் பல உத்தரங்களின் அளவை முடிவு செய்வது அவை உடையுமா என்பதைவிட, எவ்வளவு தொய்யும் என்பதுதான். அங்கே எஃகுதான் ஜெயிக்கும். எடைக்கு எடை என்று பார்த்தால் மரம் முந்துகிறது. ஹூ தொடங்கிய நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறது. முதல் இலக்கு முகப்புப் பலகைகள். இது புத்திசாலித்தனமான முடிவு என்றே நினைக்கிறேன். உத்தரமாக அங்கீகாரம் வாங்க ஆண்டுகள் ஆகும்.

ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் மரம் வருமா?

இப்போதைக்கு இல்லை. லிக்னினின் நிறத்தை நீக்கி, வெற்றிடங்களில் செல்லுலோஸுக்குச் சமமாக ஒளியை வளைக்கும் பிசினை நிரப்பினால் மரம் ஒளி ஊடுருவும். 1992இல் ஜெர்மனியின் சீக்ஃபிரீட் ஃபிங்க் இதைச் செய்தது மரத்தின் உட்கட்டமைப்பைப் பார்ப்பதற்காக. 2016இல் ஸ்டாக்ஹோமிலும் மேரிலேண்டிலும் இரண்டு குழுக்கள் பொருளாகவே வளர்த்தெடுத்தன. வெளிச்சம் நன்றாக வருகிறது, ஆனால் தடிமன் கூடக் கூட மங்கல். அதோடு பிளாஸ்டிக் பிசின் நிறைய வேண்டும். அதை மறைத்துவிட்டு ‘பசுமைக் கண்ணாடி’ என்று எழுதுவது சரியில்லை.

எம்.டி.எஃப்., துகள்பலகை வாடை ஆபத்தா?

புதுப் பலகையில் கண் எரிச்சல் தந்தால் அது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. மலிவான யூரியா–ஃபார்மால்டிஹைடு பசை சூட்டிலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து அதை வெளியிடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதியில் மரப்பொருட்களுக்கும் அறைகலன்களுக்கும் வரம்பு ஒரு கனமீட்டர் காற்றுக்கு 0.062 மில்லிகிராம், 2026 ஆகஸ்டிலிருந்து அமல். இ1 எனும் முந்தைய ஐரோப்பிய உமிழ்வுத் தரத்தில் பாதி.

மாற்றுப் பசைகளில் சுவையான கதை சோயாவுடையது. ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் காய்சாங் லீ, அலையடிக்கும் பாறையில் சிப்பிகள் பிடிவிடாமல் ஒட்டியிருப்பதைக் கவனித்து, அந்தப் புரதத்தின் போக்கில் சோயா மாவிலிருந்து பசை தயாரித்தார். 2000களின் நடுவிலிருந்து அது பிளைவுட் ஆலைகளில் ஓடுகிறது. காகித ஆலைக் கழிவான லிக்னினை ஃபீனாலுக்குப் பதில் பகுதியளவு சேர்த்த பசையும் சந்தைக்கு வந்துவிட்டது.

வாங்கும்போது விளம்பர வாசகத்தைவிட, பலகையில் அச்சடித்த தர முத்திரையைப் பார்ப்பது பலன் தரும். அறுத்த விளிம்புகளைத் திறந்து விடாமல் பட்டை ஒட்டி மூடுவதும் உமிழ்வைக் குறைக்கும்.

அறுவை ஆலையில் எக்ஸ்ரே எதற்கு?

மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போலவே, முழு மரத்தடி நகரும்போதே அதைச் சுற்றிச் சுழலும் எக்ஸ்ரே கருவி உள்ளே இருக்கும் கணு, வெடிப்பு, அழுகல் எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் காட்டுகிறது. வாள் படும் முன்பே கணினி நூற்றுக்கணக்கான அறுப்பு முறைகளைப் போட்டுப் பார்த்து, தடியை எந்தக் கோணத்தில் திருப்பினால் அதிக விலைமதிப்புள்ள பலகை கிடைக்கும் என்று சொல்கிறது. கறை பட்ட துணியில் கறை ஒதுங்கும்படி சட்டைக்கு வெட்டும் தையற்காரர் செய்வதும் இதேதான்.

இன்னொன்று, பலகையின் முனையில் தட்டிக் கேட்பது. ஒலி அதற்குள் ஓடும் வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் விறைப்பு கிடைக்கும். ஒலி வினாடிக்கு 5,000 மீட்டர் ஓடி, அடர்த்தி கனமீட்டருக்கு 500 கிலோ என்றால் விறைப்பு 12.5 கிகாபாஸ்கல். ஒவ்வொரு பலகைக்கும் நொடியில் தெரிந்துவிடும். மேலே சொன்ன ‘மோசமான ஐந்து’ பலகைகளைத் தனியே பிரித்துவிட்டால் மிச்சத்துக்கு உயர்ந்த தரம் கொடுக்கலாம். மரம் மாறவில்லை, அதைப் பற்றித் தெரிந்தது மாறியது; மதிப்பு ஏறிவிட்டது.

தேக்கு என்று சொல்லி வேறு மரத்தைத் தந்தால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அமெரிக்க வனத்துறையின் மேடிசன் ஆய்வகம் உருவாக்கிய சைலோட்ரான் என்ற கருவி, மரத்தின் குறுக்குவெட்டைப் படமெடுத்து, துளைகளின் அமைப்பை வைத்து இனத்தைக் கணிக்கிறது. படத்தால் பிரிக்க முடியாத நெருங்கிய இனங்களுக்கு, ஒரு சிறு சிராய் போதும், மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறைமாலைமானியில் அதன் வேதிக் கையெழுத்தைப் படித்துவிடலாம்.

மரத்தில் கட்டினால் சூழலுக்கு நல்லதா, மரம் வெட்டுவது கெடுதலா?

கணக்கு எளிது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரிமம். கனமீட்டருக்கு 500 கிலோ எடையுள்ள மரத்தில் 250 கிலோ கரிமம். அது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு சுமார் 900 கிலோ. கட்டடம் நிற்கும்வரை அது பூட்டியே இருக்கும்.

ஆனால் வெட்டிய தடி முழுவதும் கட்டடத்துக்குப் போவதில்லை. மரத்தூளும் சிம்பும் பெரும்பாலும் சீக்கிரமே எரிபொருளாகின்றன. வெட்டிய இடத்தில் மறுபடி காடு வளர்கிறதா என்பதுதான் முழுக் கணக்கையும் தீர்மானிக்கிறது. வளரவில்லை என்றால் மேலே போட்ட 900 கிலோவுக்கு அர்த்தமே கிடையாது. பழங்காட்டை அழித்துக் கொண்டுவந்த மரத்தில் எத்தனை மாடி கட்டினாலும் அதைப் பசுமை என்று நான் சொல்ல மாட்டேன்.

இடித்த கட்டடத்து மரத்தை என்ன செய்வது?

ரசாயனம் ஏறாத பழைய மரம் என்றால் தாராளமாக மறுபடி பயன்படுத்தலாம். ஆணிகளை உலோகம் காணும் கருவியால் தேடி எடுத்த பிறகே வாளில் கொடுக்க வேண்டும். திருகாணியால் பூட்டிய சி.எல்.டி. பலகைகளைக் கழற்றி வேறிடத்தில் பூட்ட முடியும். அதற்குப் பலகையின் தரம், பசை வகை, துளைகளின் இடம் எல்லாம் கட்டும்போதே பதிவாகியிருக்க வேண்டும். ஆர்சனிக் ஏற்றிய பழைய மரம் நாளடைவில் பச்சை மங்கிச் சாம்பல் நிறமாகிவிடுவதால் பார்வையில் பிடிபடாது. சந்தேகம் இருந்தால் அடுப்பிலோ குப்பையோடோ எரிக்கக் கூடாது. ஆர்சனிக் கொஞ்சம் புகையோடு போகும், பெரும்பகுதி சாம்பலிலேயே தங்கும். அந்த மரத்தை அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.